திராட்சைச் சக்கை கலந்த டார்க் சாக்லேட் இதயத்துக்கு நல்லதா? சோதனைத் திட்டம் பற்றிய விவாதம்

சக்கைத்திட்டம்
உணவுத் தொழில்நுட்ப ஆய்வுக்கான வரைவு இது. நெறிமுறைக் குழுவுக்குப் போகும் முன் இங்கே அலசிவிடலாம் என்று வைக்கிறேன்.

பொருள்: 70 சதவீத டார்க் சாக்லேட்டில் 10 சதவீதம் திராட்சைச் சக்கைத் தூள். சக்கை, கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை (மஸ்கட் ஹாம்பர்க் ரகம்) சாறு பிழிந்த பின் மிஞ்சும் தோலும் விதையும்.
அளவு: தினமும் 12 கிராம், 8 வாரம்.
ஒப்பீடு: கடையில் கிடைக்கும் மில்க் சாக்லேட், அதே 12 கிராம்.
அளக்கப்போவது: இரத்த அழுத்தம், கைத்தமனி விரிவு (எஃப்எம்டி), எல்டிஎல், எச்டிஎல் (இரண்டும் இரத்தக் கொழுப்பு), சிஆர்பி (அழற்சியைக் காட்டும் இரத்தப் புரதம்), சர்க்கரை, எடை.
ஆட்கள்: 40 பேர், இரண்டு குழு.

சக்கையைத் தேர்ந்தெடுத்த காரணம்: திராட்சையில் பிரித்தெடுக்கக்கூடிய ஃபீனால் பொருள்களில் 60 முதல் 70 சதவீதம் விதையில் இருக்கிறது, ஏறத்தாழ 30 சதவீதம் தோலில். சதையில் இருப்பது சொற்பம். அதாவது சாறு எடுத்த பிறகு நல்லது பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகிறது. எங்கே இடிக்கும் என்று சொல்லுங்கள்.

மருந்தியலார்
முதலில் அளவு இடிக்கிறது.

12 கிராம் சாக்லேட்டில் 10 சதவீதம் என்றால் சக்கை 1.2 கிராம். கிராமுக்கு 40 மி.கி. ஃபீனால் என்று தாராளமாகவே வைத்தாலும் 48 மி.கி. அதில் பெரும்பகுதி நீண்ட சங்கிலிப் புரோஆந்தோசயனிடின். அது சிறுகுடலில் அப்படியே உறிஞ்சப்படாது. பெருங்குடல் பாக்டீரியா உடைத்துத் தரும் வேலரோலாக்டோன் போன்ற துண்டுகள்தான் இரத்தத்துக்கு வரும்.

இப்போது திராட்சை விதைச் சாறு கொடுத்த மனிதச் சோதனைகளைப் பாருங்கள். தினம் 150, 300 மி.கி. என்று கொடுத்து அழுத்தம் இறங்கியதாகக் காட்டியவை உண்டு. ஆனால் அது 80, 90 சதவீதம் பாலிஃபீனால் உள்ள செறிந்த சாறு. 300 மி.கி. சாற்றில் 270 மி.கி. ஃபீனால் என்று கொண்டால், அதைச் சக்கையாகக் கொடுக்க 6.75 கிராம் தூள் வேண்டும். 12 கிராம் சாக்லேட்டில் பாதிக்கு மேல் சக்கையாகிவிடும். அதை யாரும் தின்ன மாட்டார்கள்.

இத்தனைக்கும் செறிந்த சாற்றின் பலனே மிதமானதுதான். 2011இல் 9 சோதனைகளை (390 பேர்) ஒன்றாக்கிப் பார்த்ததில் மேல் அழுத்தம் சராசரியாக 1.54 மி.மீ. குறைந்தது. கொழுப்பிலும் சிஆர்பியிலும் தெளிவான மாற்றம் இல்லை. உங்கள் பட்டியலில் அந்த இரண்டும் இருக்கின்றன. அங்கே பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

சக்கைத்திட்டம்
கோகோவும் சேர்ந்துதானே வேலை செய்கிறது, ஐயா? இரண்டும் கூடி ஒரு பலன் வராதா?

மருந்தியலார்
வரலாம். வந்தால் எதனால் வந்தது என்று சொல்ல உங்கள் திட்டத்தில் வழி இல்லை. மில்க் சாக்லேட்டோடு ஒப்பிட்டால் கோகோ அளவு, சர்க்கரை, பால், தியோபுரோமின் (கோகோவிலுள்ள, கஃபீன் போன்ற ஊக்கப்பொருள்), சக்கை எல்லாமே ஒரே நேரத்தில் மாறுகின்றன.

கோகோ பக்கம் உறுதியாகத் தெரிந்தவை:

2017 காக்ரேன் தொகுப்பில் (பல சோதனைகளைச் சேர்த்து மதிப்பிடும் ஆய்வு) 35 சோதனைகள், 1804 பேர். அழுத்தம் சராசரியாக 1.8 மி.மீ. குறைந்தது. பெரும்பாலானவை 2 முதல் 18 வாரம் வரையிலான குறுகிய சோதனைகள்.

காஸ்மாஸ் சோதனை, அமெரிக்கா, 2022இல் வெளியானது. 21,442 பேர், பெண்கள் 65 வயதுக்கு மேல், ஆண்கள் 60க்கு மேல். தினம் 500 மி.கி. கோகோ ஃப்ளாவனால் (கோகோவிலுள்ள ஃபீனால் வகை), அதில் எபிகேட்டசின் என்ற ஃப்ளாவனால் 80 மி.கி. கொடுத்தது மாத்திரையாக, சாக்லேட்டாக அல்ல. சராசரி 3.6 ஆண்டு. முதன்மை அளவீடு மொத்த இதய, இரத்தநாள நிகழ்வுகள்: 10 சதவீதம் குறைவு, ஆனால் நம்பக எல்லை 0.78 முதல் 1.02 வரை (1 என்றால் வித்தியாசமே இல்லை). அதாவது புள்ளியியல்படி தேறவில்லை. இரண்டாம் நிலை அளவீடான இதயநோய் இறப்பு 27 சதவீதம் குறைந்தது. செய்தித்தாள்கள் இந்த 27ஐ மட்டும் எடுத்துக்கொண்டன. செலவில் ஒரு பங்கை ஏற்றது ஒரு சாக்லேட் நிறுவனத்தின் துணை அமைப்பு. அதனாலேயே முடிவு பொய் என்று ஆகாது, ஆனால் படிக்கும்போது மனதில் இருக்க வேண்டும்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் பொட்டலத்தில் போட ஏற்ற ஆரோக்கிய வாசகம் தினம் 200 மி.கி. கோகோ ஃப்ளாவனாலுக்கு. அதற்கு ஃப்ளாவனால் மிகுந்த கோகோ தூள் 2.5 கிராம் அல்லது அதே வகை டார்க் சாக்லேட் 10 கிராம் போதும். "ஃப்ளாவனால் மிகுந்த" என்ற அடைமொழியை யாரும் படிப்பதில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2023இல் இன்னும் கறாராக, குறைந்தது 4 சதவீதம் இயற்கை ஃப்ளாவனால் உள்ள தூளுக்கு மட்டும், அதுவும் "மிகக் குறைந்த ஆதாரம்" என்ற சொற்களோடு அனுமதித்தது. சாதாரண சாக்லேட்டுக்கு அது பொருந்தாது.

கோகோபட்டறை
தூள் எந்த வகை என்று வரைவில் இல்லையே? நிறத்துக்காகக் காரம் சேர்த்துப் பதப்படுத்திய டச்சுத் தூள் என்றால் கதை அங்கேயே முடிந்தது. 2008இல் வெளியான அளவீடு: காரம் சேராத தூளில் கிராமுக்கு 34.6 மி.கி. ஃப்ளாவனால், லேசாகச் சேர்த்ததில் 13.8, நடுத்தரத்தில் 7.8, கடுமையாகச் சேர்த்ததில் 3.9. பத்தில் ஒரு பங்கு சுமார்தான் மிஞ்சுகிறது. கறுப்பாக இருந்தால் கோகோ அதிகம் என்று வாங்குகிறவர்கள் உண்மையில் குறைந்ததைத்தான் வாங்குகிறார்கள்.

70 சதவீதம் என்ற எண்ணும் ஏமாற்றும். கோகோ மாஸும் (அரைத்த கோகோ கொட்டை) கோகோ வெண்ணெயும் சேர்ந்துதான் 70. வெண்ணெயில் ஃப்ளாவனால் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே இரண்டு 70 சதவீத பார்கள் மூன்று மடங்கு வித்தியாசப்பட்டாலும் ஆச்சரியம் இல்லை. கொட்டையைப் புளிக்கவைத்த நாளும் வறுத்த வெப்பமும் வேறு பாதிக்கும். அதிகம் வறுத்தால் எபிகேட்டசினில் ஒரு பகுதி கேட்டசினாக மாறிவிடும். அது உடலில் ஏறுவது குறைவு.

இனி சக்கை. பிழிந்த சக்கையில் 60, 70 சதவீதம் ஈரம். நான்கைந்து மணி நேரம் குவித்து வைத்தாலே ஈஸ்ட்டும் அசிட்டிக் பாக்டீரியாவும் வேலையைத் தொடங்கிவிடும், வினிகர் வாடை வரும். உடனே உலர்த்த முடியாவிட்டால் மைனஸ் 20இல் உறையவைத்துவிடுங்கள்.

காம்பை முழுதாகப் பொறுக்கி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கசப்பும் நாரும் மிஞ்சும். ஒன்று, இரண்டு செ.மீ. கனத்தில் தட்டில் பரப்பி 55 டிகிரி வெப்பக்காற்று. 60ஐத் தாண்டினால் தோலின் ஆந்தோசயனின் போய்விடும், தூள் செந்நிறம் போய்ப் பழுப்பாகும். தட்டின் நடுப்பகுதி எப்போதும் கடைசியில்தான் காயும். ஓரத்தை மட்டும் தொட்டுப் பார்த்து எடுத்தால் மூட்டைக்குள் பூஞ்சைதான்.

சாறு ஆலைச் சக்கைக்கும் ஒயின் ஆலைச் சக்கைக்கும் வித்தியாசம் உண்டு. சாறு ஆலைச் சக்கை புளிக்காதது, சர்க்கரை மிச்சம் இருக்கும். தூள் காற்றிலிருந்து ஈரம் இழுத்துக் கட்டிப்படும். சூடாக்கிப் பிழிந்திருந்தால் தோலின் நிறத்தில் நல்ல பங்கு சாற்றுக்குப் போயிருக்கும். சிவப்பு ஒயின் சக்கையில் சர்க்கரை குறைவு, ஆனால் சல்ஃபைட் மிச்சம் இருக்கலாம். எந்த ஆலை, பிழியும் வெப்பம் என்ன, இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சக்கைத்திட்டம்
அண்ணா, அரைத்துச் சாக்லேட்டில் சேர்க்கும்போது கெட்டியாகிவிடுகிறது என்று படித்தேன். காரணம் ஈரமா, நாரா?

கோகோபட்டறை
இரண்டும். சாக்லேட்டின் மொத்த ஈரமே ஒரு சதவீதம் சுற்றித்தான். 8 சதவீத ஈரமுள்ள தூளை 10 சதவீதம் சேர்த்தால் 0.8 சதவீதம் தண்ணீர் புதிதாக உள்ளே போகிறது. சர்க்கரைத் துகள்கள் ஒட்டிக்கொண்டு மாவு இறுகும். தூளின் ஈரம் 3 சதவீதத்துக்குள் வரட்டும். சேர்ப்பதற்கு முந்தின இரவு 50 டிகிரியில் மறுபடி காயவைத்து, சூடு ஆறும்வரை மூடிவையுங்கள்.

நார் கொழுப்பை உறிஞ்சும். அதற்கு 3 முதல் 5 சதவீதம் கூடுதல் கோகோ வெண்ணெய், லெசித்தின் 0.3 முதல் 0.5. லெசித்தினை அதற்கு மேல் ஏற்றினால் இளகுவதற்குப் பதில் மறுபடி கெட்டியாகும்.

விதையை உலர்வாக அரைத்தால் அதன் எண்ணெய் சல்லடையை அடைத்துவிடும். சுலபமான வழி, கரடுமுரடாக உடைத்து, உருக்கிய கோகோ வெண்ணெயோடு மெலஞ்சரில் ஓட்டுவது. நம்ம கோயம்புத்தூர் வெட் கிரைண்டரின் வாரிசுகள்தான் இன்று உலகம் முழுக்கச் சிறு சாக்லேட் பட்டறைகளில் மெலஞ்சராகச் சுற்றுகின்றன. துகள் 25 மைக்ரானுக்குக் கீழே வரும்வரை ஓட்டுங்கள். 30ஐத் தாண்டினால் நாக்கு மணலாக உணரும், உங்கள் சோதனையில் யார் எதைத் தின்கிறார் என்பது முதல் கடியிலேயே வெளிப்பட்டுவிடும்.

டெம்பரிங் (சாக்லேட் பளபளப்பாக இறுகுவதற்கான சூடாக்கி ஆற்றும் முறை): 45 முதல் 50 வரை உருக்கு, 27-28க்கு இறக்கு, 31-32க்கு ஏற்று. விதை எண்ணெய் உள்ளே இருப்பதால் பார் கொஞ்சம் மென்மையாகும், வெண்பூப்பு (மேலே வெள்ளைப் படலம்) சீக்கிரம் வரும். 8 வாரத் தேவையை ஒரே நாளில் செய்து வைக்கப் போகிறீர்கள் என்றால் 18 டிகிரியில் வையுங்கள்.

புதுவரவு_ரவி
இவ்வளவு சிரமம் எதற்கு? கிரேப் சீட் ஆயில் பாட்டிலில் கிடைக்கிறதே, அதை ஊற்றினால் ஆகாதா?

ஆய்வகத்தேனீ
ஆகாது தம்பி. புரோஆந்தோசயனிடின் நீரிலும் ஆல்கஹாலிலும் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெய் பிழிந்தபின் அது பிண்ணாக்கில் தங்கிவிடும். பாட்டிலில் இருப்பது முக்கியமாக லினோலெயிக் அமிலமும் கொஞ்சம் வைட்டமின் ஈயும்.

வரைவை எழுதியவருக்கு: வேதியியல் அளவீட்டில் "மொத்த ஃபீனால், ஃபோலின் முறை" என்று மட்டும் போட்டிருந்தால் மாற்றுங்கள். ஃபோலின் கரைசல் ஃபீனாலை மட்டும் பார்ப்பதில்லை. ஒடுக்கும் சர்க்கரை, வைட்டமின் சி, சல்ஃபைட் எல்லாவற்றோடும் வினைபுரிந்து நீலம் காட்டும். புளிக்காத சக்கையில் சர்க்கரை, ஒயின் சக்கையில் சல்ஃபைட். இரண்டிலுமே எண் பொய்யாக உயரும். அதைத் தொகுதிகளை ஒப்பிடும் விரைவுச் சோதனையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோகோ ஃப்ளாவனாலுக்கு ஏஓஏசி அமைப்பின் 2020.05 அளவீட்டு முறை. எபிகேட்டசினையும் கேட்டசினையும் தனித்தனியாக எச்பிஎல்சியில் (கரைசலிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) எடுங்கள். மாதிரி தயாரிக்கும்போது முதலில் ஹெக்ஸேனால் கொழுப்பை நீக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் பிரித்தெடுப்பு அரைகுறையாகும், கருவியின் பிரிப்புக் குழாயும் அடைபடும். தியோபுரோமின், கஃபீன் இரண்டையும் அதே ஓட்டத்தில் பார்த்துவிடலாம். ஆய்வின் தொடக்கம், நடு, முடிவு என மூன்று முறை அதே பாரை அளந்தால்தான் கொடுத்த அளவு கடைசிவரை இருந்ததா என்று தெரியும்.

புள்ளிக்கணக்கு
40 பேர் எங்கிருந்து வந்தது? கையில் இருக்கும் காசிலிருந்து என்று நினைக்கிறேன். 😀

கணக்கைப் போடுவோம். எதிர்பார்க்கும் வேறுபாடு 2 மி.மீ., ஒவ்வொரு குழுவிலும் திட்ட விலக்கம் 12 என்று கொள்வோம். 80 சதவீதத் திறன் (உண்மையான பலனைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), 5 சதவீதப் பிழை எல்லை; இரண்டுக்கும் சேர்த்து வரும் மாறிலி 7.84. குழுவுக்கு 2 × 7.84 × 144 ÷ 4, அதாவது 565 பேர். மொத்தம் 1130. 40 பேரை வைத்து 2 மி.மீ. தேடினால் கிடைப்பது இரைச்சல்தான்.

ஒரே ஆள் இரண்டையும் மாற்றி மாற்றித் தின்னும் குறுக்கு வடிவம் என்றால், ஆளுக்குள் வேறுபாட்டின் திட்ட விலக்கம் 8 என்று வைத்து 7.84 × 64 ÷ 4, 126 பேர். 15 சதவீதம் பேர் இடையில் விலகுவார்கள் என்று கொண்டால் 149 பேரைச் சேர்க்க வேண்டும்.

அடுத்தது ஏழு அளவீடுகள். எது முதன்மை என்று முன்கூட்டியே ஒன்றைப் பதிவுசெய்யாவிட்டால் ஏதோ ஒன்று தற்செயலாகத் தேறிவிடும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஏழு என்றால் குறைந்தது ஒன்றாவது பொய்யாகத் தேறும் வாய்ப்பு 30 சதவீதம். 2015இல் ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர் இதையே வேண்டுமென்று செய்து காட்டினார். 15 பேர், 18 அளவீடுகள். "சாக்லேட் எடையைக் குறைக்கிறது" என்று முடிவு வந்தது, பல நாட்டு ஊடகங்கள் சரிபார்க்காமல் வெளியிட்டன. உங்கள் பட்டியலில் எடை இருப்பதைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

மருந்தியலார்
புள்ளிக்கணக்கு சொன்னதை வைத்து ஒரு மாற்று. 8 வாரச் சோதனையை ஒத்திவையுங்கள். முதலில் ஒருவேளைச் சோதனை.

நான்கு வகை பார்: (1) ஃப்ளாவனால் மிகுந்த கோகோ சக்கையுடன், (2) அதே கோகோ சக்கை இல்லாமல், (3) காரம் சேர்த்த கோகோ சக்கையுடன், (4) அதே கோகோ சக்கை இல்லாமல். இப்போது கோகோவின் பங்கு, சக்கையின் பங்கு, இரண்டும் கூடினால் வருவது, மூன்றையும் பிரித்துச் சொல்லலாம். காரம் சேர்த்த கோகோவில் தியோபுரோமின் பெரும்பாலும் தங்கிவிடுவதால் அது நல்ல ஒப்பீடு. 30 கிராம் டார்க் சாக்லேட்டில் சுமார் 240 மி.கி. தியோபுரோமினும் 24 மி.கி. கஃபீனும் இருக்கும், நான்கிலும் இவை சமமாக இருந்தாக வேண்டும். சக்கை இல்லாத பாரில் அந்த இடத்தை நிரப்ப ஃப்ளாவனால் இல்லாத ஓட்ஸ் நார் போன்ற ஒன்று.

30 கிராமில் 15 சதவீதம் என்றால் சக்கை 4.5 கிராம். 1.2ஐ விட இது கொஞ்சம் அர்த்தமுள்ள அளவு. தின்று 2 மணி நேரத்தில் எஃப்எம்டி. எபிகேட்டசின் இரத்தத்தில் உச்சம் தொடுவதும் ஏறக்குறைய அப்போதுதான். ஆனால் சக்கையின் வேலரோலாக்டோன் பல மணி நேரம் கழித்தே வரும். ஆகவே 6 மணியில் இன்னொரு அளவீடு. அதை விட்டால் சக்கைக்கு அநியாயம் செய்ததாகும்.

புள்ளிக்கணக்கு
எஃப்எம்டியில் 1 சதவீதப் புள்ளி வேறுபாடு, விலக்கம் 2 என்றால் 32 பேர். 36 எடுங்கள். பார்களைத் தின்னும் நான்கு வரிசைக்கு ஒன்பது ஒன்பது பேராகச் சமமாகப் பிரியும். வருகைகளுக்கு இடையே ஒரு வாரம். இது உங்கள் 40 பேர் பட்ஜெட்டுக்குள் அடங்குகிறது.

நாளமானி
எஃப்எம்டி எடுப்பவர் யார்? இது இந்தச் சோதனையின் உயிர்நிலை. மேற்கைத் தமனி சுமார் 4 மி.மீ. விட்டம். 1 சதவீதம் என்பது 0.04 மி.மீ. அல்ட்ராசவுண்ட் புரோப் சற்று சாய்ந்தாலே அதைவிடப் பெரிய பிழை வரும். கையால் பிடிக்காமல் தாங்கியில் பொருத்துங்கள்.

இரத்த ஓட்டத்தை நிறுத்தும் காற்றுப் பட்டை முழங்கைக்குக் கீழே முன்கையில். மேற்கையில் கட்டினால் தமனியே நசுங்கி, நைட்ரிக் ஆக்சைடு (தமனியை விரியவைக்கும் பொருள்) அல்லாத காரணங்களாலும் விரியும். மேல் அழுத்தத்தை விட 50 கூட்டி ஏற்றி 5 நிமிடம். விட்டபின் 60ஆவது விநாடியில் ஒரு படம் மட்டும் எடுக்கும் பழைய பழக்கம் வேண்டாம். உச்சம் ஆளுக்கு ஆள் மாறும். 3 நிமிடம் தொடர்ந்து பதிவுசெய்து, ஓரத்தைத் தானே கண்டுபிடிக்கும் மென்பொருளால் அளவிடுங்கள். அளப்பவருக்கு யார் எந்த பார் தின்றார் என்று தெரியக்கூடாது.

22 முதல் 24 டிகிரி அறை, 15 நிமிடம் படுக்கை, முந்தின இரவிலிருந்து காபி, டீ, புகை கூடாது. மாதவிடாய் வரும் பெண்களைச் சேர்த்தால் சுழற்சியின் அதே கட்டத்தில் நான்கு வருகையும் இருக்க வேண்டும். அப்படியானால் ஒரு வார இடைவெளி பெண்களுக்கு ஒரு மாதமாகும். இதை நெறிமுறைக் குழு கட்டாயம் கேட்கும்.

புதுவரவு_ரவி
வந்தவர்களுக்குப் பாலோடு கொடுக்கலாமா? வாழைப்பழமும் காலை உணவுக்கு வசதி.

ஆய்வகத்தேனீ
பால் விஷயத்தில் 2003இல் ஒரு சிறிய ஆய்வு தடுக்கிறது என்றது, பிறகு வந்த பல ஆய்வுகள் இல்லை என்றன. சண்டைக்குள் போகாமல் தண்ணீர் கொடுங்கள். வாழைப்பழம் நிச்சயம் வேண்டாம். அதிலுள்ள பாலிஃபீனால் ஆக்சிடேஸ் நொதி ஃப்ளாவனாலைக் கலக்கும்போதே அழிக்கிறது. 2023இல் வெளியான சோதனையில் வாழைப்பழ ஸ்மூத்தியோடு எடுத்தவர்களின் இரத்தத்தில் ஃப்ளாவனால் 84 சதவீதம் குறைவாக இருந்தது.

தரக்கட்டுப்பாடு
பாதுகாப்புப் பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது.

கோகோவில் காட்மியமும் ஈயமும். காட்மியம் மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறும். ஈயம் பெரும்பாலும் கொட்டையைக் காயவைக்கும்போது படியும் தூசி. ஐரோப்பிய எல்லை: 50 சதவீதத்துக்கு மேல் கோகோ உள்ள சாக்லேட்டில் காட்மியம் கிலோவுக்கு 0.80 மி.கி. 30 கிராம் பார் அந்த எல்லையைத் தொட்டால் ஒருவேளையில் 24 மைக்ரோகிராம். ஒருமுறைக்குப் பரவாயில்லை, தினமும் என்றால் பெரிய அளவு. தொகுதியைச் சோதித்தே வாங்குங்கள்.

திராட்சைப் பக்கம் ஆக்ராடாக்சின் ஏ என்ற நச்சு. கருமையான ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை உண்டாக்குவது, உலர்த்தினாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது. அழுகிய குலையை ஆலை வாசலிலேயே தள்ள வேண்டும். பூச்சிமருந்து எச்சமும் தோலில்தான் தங்கும், சக்கையைக் காயவைக்கும்போது செறிவு கூடும். பழத்துக்குத் தேறிய அறிக்கையைச் சக்கைக்குக் காட்டாதீர்கள்.

வார்ஃபரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) எடுப்பவர்கள், சிறுநீரகக் கல் வந்தவர்கள் (கோகோவில் ஆக்சலேட் அதிகம்), சல்ஃபைட் ஒவ்வாமை உள்ளவர்கள் விலக்குப் பட்டியலில் வரட்டும். முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐ (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு முடிந்திருக்க வேண்டும்.

இதயராகம்
திராட்சைத் தோலிலுள்ள ரெஸ்வெரட்ரால் என்ற ஃபீனால் பற்றி யாருமே பேசவில்லையே? திராட்சை என்றாலே அதுதானே பேர் வாங்கியது.

மருந்தியலார்
பேர் வாங்கியது, அதோடு சரி. சிவப்பு ஒயினில் லிட்டருக்குச் சில மி.கி.தான் இருக்கும். இத்தாலியின் கியாந்தி பகுதியில் 783 முதியவர்களின் சிறுநீரில் அதன் சிதைபொருளை அளந்து ஒன்பது ஆண்டு தொடர்ந்ததில் இறப்போடும் இதயநோயோடும் தொடர்பு தெரியவில்லை, 2014இல் வெளியானது. அதற்கு முன்பே, 2012 ஜனவரியில், ரெஸ்வெரட்ராலும் இதயமும் பற்றி நிறைய எழுதிய தீபக் தாஸ் என்பவரின் ஆய்வுகளில் 145 இடங்களில் தரவு திருத்தல், புனைவு என்று கனெக்டிகட் பல்கலைக்கழகமே அறிவித்தது. இந்த வரைவின் முன்னுரையில் ரெஸ்வெரட்ரால் வராமல் இருப்பதே நல்லது.

சக்கைத்திட்டம்
எல்லாருக்கும் நன்றி. திருத்திய வடிவம்: நான்கு பார், 36 பேர், ஒருவேளை 30 கிராம், முதன்மை அளவீடு 2 மணி எஃப்எம்டி மட்டும். 6 மணி எஃப்எம்டியும் அழுத்தமும் இரண்டாம் நிலை. கொழுப்பு, சிஆர்பி, எடை நீக்கம். விண்ணப்பத்தில் "இதயத்துக்கு நல்லது" என்ற தலைப்பை "இரத்தநாள விரிவில் விளைவு" என்று மாற்றுகிறேன். ஒரு சந்தேகம்: சக்கை உள்ள பார் ஊதாச் சாயலாக இருக்கிறது, இல்லாதது பழுப்பு. கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறதே?

கோகோபட்டறை
30 கிராமை 5 கிராம் வில்லைகளாக ஊற்றி, நான்கு வகைக்கும் மேலே ஒரே டச்சுக் கோகோ தூளைப் புரட்டுங்கள். ஒரு வில்லைக்கு 0.2 கிராம் போதும். அதன் ஃப்ளாவனாலையும் தேனீ சொன்ன அளவீட்டில் சேர்த்துவிடுங்கள். சிவப்பு விளக்கில் பரிமாறினால் மிச்ச வித்தியாசமும் போகும். துவர்ப்புதான் மறையாது. சோதனை முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் "எது சக்கை என்று நினைத்தீர்கள்" என்று கேட்டு எழுதி வையுங்கள், மறைப்பு எவ்வளவு நின்றது என்று அறிக்கையில் போட அது வேண்டும்.